கிடாரம் பூட்டிய ஒஸ்ரின்

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கொழும்பில் எங்கள் வாடகை வீட்டையும் அதன் முன்னால் நின்ற காரையும் எரித்தார்கள். வீடு எரிந்ததைப் பற்றி என் கணவர் பிறகு பலமுறை கதைத்திருக்கிறார். கார் எரிந்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. அது அவர் வருடக்கணக்காகச் சனி ஞாயிறுகளில் ஒவ்வொரு ஆணியாகக் கழற்றிப் பூட்டி ஓட வைத்த பழைய கார். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களைத் தங்கள் மேல்மாடிக் குளியலறைக்குள் ஒளித்து வைத்திருந்தது. அங்கிருந்த சின்ன யன்னலால் அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பாக்காதேங்கோ. இஞ்சாலை வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அகதிகளை ஏற்றிய கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, யாழ்ப்பாணத்து அரியாலையில் எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் குடியேறினோம். அவருக்கு மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்கு இடமாற்றம் கிடைத்தது. எனக்கு நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கும் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் கந்தோரால் வந்தவுடன் சேட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டுப் பின் விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்துவிடுவார். தேத்தண்ணீரைக் கொடுத்தால் கோப்பை தட்டத்தில் கிடுகிடுக்கும். அந்த நடுக்கம் அவரை விட்டுப் போகவில்லை. இரண்டு வருடம் இப்படியே கழிந்தது. அவரோடு ஒரே வீட்டில் இருந்தும் தனியே இருப்பது போல எனக்கு இருந்தது.

ஒரு சனிக்கிழமை குருநகருக்கு மீன் வாங்கப் போனபோதுதான் அந்தக் காரைக் கண்டேன். கடற்கரையோரம் ஒரு வீட்டு வளவில் வலைக் குவியலுக்குக் கீழே இருந்து இரண்டு முன்விளக்குகள் மட்டும் வெளியே தெரிந்தன. வலைக்கு மேல் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரப் பெண்மணி கணவனை இழந்தவர். கழுத்தில் செபமாலை போட்டிருந்தார். "மனிசன் டொக்குத்தரின்ரை கார் ஓடினவர் பிள்ளை. டொக்குத்தர் சீமைக்குப் போகேக்கை உந்தக் காரை இவருக்குக் குடுத்திட்டுப் போனவர். இவர் மோசம் போனாப் பிறகு ஆரும் தொடேல்லை" என்றார்.

வீட்டுக்கு வந்து மீனை வெட்டிக்கொண்டே, கணவரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"குருநகரிலை ஒரு பழைய கார் கிடக்கு. ஒஸ்ரின் போலை."

கறி கொதித்து இறக்கிய பிறகு அவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"முன் லைற் மட்காட்டோடை ஒட்டியிருக்கோ, தனியவோ?"

அடுத்த நாளே இரண்டு பேரும் போனோம். வலையை இழுத்துப் போட்டுவிட்டு இயந்திர மூடியைத் திறந்தார். உப்புக் காற்று கதவுகளின் கீழ்ப்பகுதியை அப்படியே தின்றிருந்தது. நிலத்துப் பலகை உக்கி, ஓட்டை வழியாக மணல் தெரிந்தது. இயந்திரத்துக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்து, "இறுகிப்போச்சு. ஆனால் வெடிக்கேல்லை" என்றார். பிறகு தரையில் மல்லாக்கப் படுத்துக் காருக்குக் கீழே புகுந்துவிட்டார். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்து, "உவருக்கு விசரோ பிள்ளை?" என்று மெல்லக் கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

காருக்குப் பதிலாக வலை வைக்க ஒரு தென்னங்கிடுகுக் கொட்டில் போட்டுத் தந்தால் போதும் என்று அந்தப் பெண்மணி சொன்னார். போட்டுக் கொடுத்தோம். உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றிக் காரை அரியாலைக்குக் கொண்டுவந்தோம்.

கழற்றிய பாகங்களுக்கு மாற்றுத் தேடித்தான் அவர் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருவில் இருந்த ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனார். கடைக்காரர் தகரவேலையும் தெரிந்தவர். எங்களை விட ஏழெட்டு வயது மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நாங்களும் நானா என்றே கூப்பிட்டோம். கேட்ட சாமானை அவர் உடனே எடுத்துத் தரவில்லையாம்.

"எந்தக் காருக்கு? முதல்லை காரைக் காட்டுங்கோ தம்பி. பிறகு தாறன்."

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தொழுகை முடிய சைக்கிளில் வந்தார். காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "இதை எடுத்து என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டார். என் கணவர், "ஓட வைக்கப் போறன்" என்றார். "ஓட வைச்சு?" "ஓட வைக்கிறதுதான் நானா. வேறை ஒண்டுமில்லை." நானா சாரத்தை மடித்துக் கட்டினார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அந்தக் காருக்குத்தான். பீப்பாத் தகரத்தை வெட்டி, மணல் மூட்டையில் வைத்துத் தட்டித் தட்டி நானா சில்லை மூடும் மட்காட் செய்தார். பின்னேரம் முழுக்க அந்தச் சத்தம் கேட்கும். வேலிக்கு அப்பால் இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு ரயில் ஸ்ரேசன் மாஸ்ரர். அவருக்கு மத்தியானம் படுத்தெழும்பாவிட்டால் ஆகாது. வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "இது என்ன வீடோ, கொல்லன் பட்டறையோ? மனிசர் கண்ணை மூடுறதில்லையோ?" என்று ஏசுவார். அவருடைய மனைவியை நான் மாமி என்று கூப்பிடுவேன். மாமி பின்னால் நின்று எனக்குக் கையால் 'விடுங்கோ, விடுங்கோ' என்று காட்டுவார்.

என்னையும் அந்த வேலைக்குள் இழுத்தது இவருடைய கைநடுக்கம்தான். வால்வு அரைக்க வேண்டும். நுனியில் றப்பர் பிடி உள்ள தடியை வால்வின் தலையில் ஒட்டி, வால்வும் அது பொருந்தும் வாயும் தொடும் இடத்தில் அரைக்கும் பசையைப் பூசி, இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் தடியை உருட்ட வேண்டும். மோர் கடைவது போன்ற வேலை. அழுத்தம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அவரால் முடியவில்லை. தடி வழுக்கி வழுக்கி விழுந்தது. மூன்றாவது தரம் விழுந்ததும் எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றார். நானா தடியைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"தங்கச்சி, நீங்கள் ஒருக்கா அரைச்சுப் பாருங்கோ."

அரைத்தேன். வால்வின் விளிம்பில் சாம்பல் நிற வளையம் ஒன்று முழுதாக வந்தது. இவர் திரும்பி வந்து, மண்ணெண்ணெய் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்தார். ஒழுகவில்லை. "நீரே மற்றதுகளையும் அரையும்" என்றார். கிணற்றடியில் போய் நின்ற மனிதர் வேறு, இப்போது கதைக்கும் மனிதர் வேறு என்று தோன்றியது. அதற்குப் பிறகு என் சீலைகளில் கிறீஸ் படாத சீலையே இல்லை.

வேலை வருடக்கணக்காக இழுபட்டது. எண்பத்தேழில் இந்தியப் படையோடு சண்டை தொடங்கி நாங்கள் கோயிலில் போய் ஒதுங்கியிருந்தபோது, வளவில் விழுந்த ஷெல் ஒன்று கார் நின்ற கொட்டிலின் கூரையைக் கொண்டுபோய்விட்டது. காரின் பின்பக்கத்தில் சன்னம் பட்டுத் துளைகள். நானா வந்து பார்த்துவிட்டு, "எங்களுக்கு வேலை போதாதெண்டு நினைச்சிட்டாங்கள்" என்று ஒவ்வொரு துளையாக ஒட்டத் தொடங்கினார். இவர் சிரித்தார். கொழும்பை விட்டு வந்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் ஆமிக்கும் இயக்கத்துக்கும் மறுபடி சண்டை தொடங்கியது. பெற்றோல் வருவது நின்றது, பற்றறி வருவது நின்றது, ரயிலும் நின்றது. கோட்டையைச் சுற்றிக் குண்டு விழுந்த மாதங்களில் நானாவால் வர முடியவில்லை. கோட்டைச் சண்டை முடிந்து கொஞ்சம் அமைதியானதும் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். அன்றுதான் இயந்திரம் முதன்முதலாக உயிர் பெற்றது. பற்ற வைக்க மட்டும் எங்கேயோ தேடி எடுத்த நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு, நானா முன்னால் நின்று இயந்திரத்தைக் கிளப்பும் கம்பியைச் சுழற்ற, இவர் உள்ளே இருந்து மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்தார். இருமல்காரன் போல இருமி, வளவு முழுக்க வெள்ளைப் புகை கக்கி, ஓடத் தொடங்கியது. நானா ஒரு கையால் மட்காட்டைத் தொட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றார். ஆனால் ரேடியேற்றர் சல்லடை போல ஒழுகியது. கொஞ்ச நேரத்திலேயே நிறுத்த வேண்டி வந்தது.

"இதை நான் வீட்டை கொண்டு போறன் தம்பி. ஈயம் வைச்சு ஒட்டி அடுத்த வெள்ளி கொண்டு வாறன்."

சைக்கிள் கரியரில் ரேடியேற்றரைக் கட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வெள்ளிக்கு முன்னரே இயக்கம் முஸ்லிம்கள் எல்லாரையும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொல்லிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம், இரண்டு மணித்தியாலம் தந்திருக்கிறார்களாம் என்றார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு சோனகதெருவுக்குப் போனேன். தெரு முழுக்கச் சனம். கையில் பையோடு நின்ற பெண்கள், தோளில் பிள்ளைகளைத் தூக்கிய ஆண்கள். துவக்கோடு நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சோதித்துச் சாமான்களைப் பறித்து ஒரு பக்கம் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமியின் காதுத் தோட்டைக் கழற்றச் சொன்னதை என் கண்ணால் பார்த்தேன். நானா வரிசையில் நின்றார். பக்கத்தில் அவருடைய மனைவி, வயதான தாய். தாயை இரண்டு பேருமாகத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். நானா என்னைக் கண்டார். நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். துவக்கோடு நின்ற ஒரு பொடியன் என்னிடம், "அக்கா, நீங்கள் இதிலை நிக்காதேங்கோ. போங்கோ" என்றான். அவனுக்கு இருபது வயதுகூட இராது. லொறி வந்தது. ஏறினார்கள்.

இவர் அடுத்த நாள் நானாவின் வீட்டுக்குப் போனார். வாசலில் காவல் போட்டிருந்தார்கள். உள்ளே தன்னுடைய ரேடியேற்றர் கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறார். "இஞ்சை உங்கடை சாமான் ஒண்டுமில்லை" என்று பதில் வந்தது. திரும்பி வந்து கார்க் கொட்டிலின் வாசலைக் கிடுகால் அடைத்தார். மறுபடியும் பின் விறாந்தைக் கதிரை. அவரைக் கூப்பிட எனக்கும் மனம் வரவில்லை. எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

தொண்ணூற்று மூன்றில் என் தம்பி வெளிநாடு போகக் கொழும்பில் வந்து நின்றான். அவனை வழியனுப்ப, யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக இயக்கம் தரும் பாஸ் எனக்குக் கிடைத்தது. நான் திரும்பி வருவேன் என்பதற்கு இவர் பிணை நிற்க வேண்டியிருந்ததால் வர முடியவில்லை. கிளாலிக் கடலைப் படகில் கடந்து, வவுனியாவால் கொழும்புக்குப் போனேன். திரும்பும்போது புத்தளத்தில் இறங்கினேன். யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்று தெரியும். முகாம் முகாமாக விசாரித்துக் கடைசியில் ஓலைக் குடிசைகள் நெருங்கிக் கிடந்த ஓரிடத்தில் நானாவைக் கண்டேன். சைக்கிள் ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தார். நன்றாக மெலிந்திருந்தார்.

என்னைக் கண்டதும் எழும்பவில்லை. அவருடைய மனைவிதான் பாயை விரித்து, "இருங்கோ" என்று தேத்தண்ணீர் போடப் போனார். நானாவின் தாய் அங்கே வந்த முதல் வருடமே காலமாகிவிட்டாராம்.

"தம்பி எப்பிடி?" என்று இவரைப் பற்றிக் கேட்டார் நானா, ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கியபடி.

"இருக்கிறார்."

குமிழி வந்த இடத்தில் விரலை வைத்தார்.

"அண்டைக்கு நீங்கள் வந்தனீங்கள் தங்கச்சி. நான் பாத்தனான். வந்து நிண்டனீங்கள்."

"ஓம் நானா."

"வேறை ஆரும் வரேல்லை. நீங்கள் வந்தனீங்கள். ஆனால் சும்மா நிண்டனீங்கள்." அவர் குரல் உயரவில்லை. "நான் உங்களிலை பிழை சொல்லேல்லை. துவக்குக்கு முன்னாலை நீங்கள் என்ன செய்யேலும்? ஆனால் எனக்கு அது போகேல்லை. படுத்தா வருது. எத்தினை பேர் எங்கடை கையாலை தேத்தண்ணி குடிச்சவை."

அவருடைய மனைவி தந்த தேத்தண்ணீரைக் குடித்தேன்.

நான் எழும்பும்போதுதான் நானா கேட்டார். "கார் ஓடுதோ?"

"இல்லை. ரேடியேற்றர் இல்லை. தரமாட்டம் எண்டிட்டாங்கள்."

அவர் முகம் ஒரு நொடி பழைய நானாவின் முகமானது. "நான் அதை ஒட்டி முடிச்சுக் கழுவிக் குசினிக்குள்ளை வைச்சனானெல்லே" என்றார், தான் செய்த வேலையை யாரோ கெடுத்துவிட்டது போன்ற கோபத்தோடு. பிறகு, "அவ்வளவு பாடுபட்டது. சும்மா விடவேண்டாமெண்டு தம்பிக்குச் சொல்லுங்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் இவருக்குச் சொன்னேன். 'வந்து நிண்டனீங்கள்' என்றதையும் சொன்னேன். இவர் அதை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அங்கை அவருக்கு ஈயம் உருக்க அடுப்பு ஏதும் இருக்கோ?" என்றார். இல்லை, சைக்கிள் வேலைதான் என்றேன். அடுத்த நாள் கந்தோரால் வந்து கொட்டில் வாசலில் கட்டிய கிடுகை அவிழ்த்தார்.

அந்தக் காலத்துச் சின்னக் காருக்குத் தண்ணீரைச் சுற்ற வைக்கும் பம்பு கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். அப்படியென்றால் உயரத்தில் வைக்கிற எந்தப் பெரிய பாத்திரமும் ரேடியேற்றருக்குப் பதிலாக நிற்கும் என்று அவர் கணக்குப் போட்டார். வீட்டில் பெரிய பாத்திரம் என்றால் எனக்குச் சீதனமாகத் தந்த செப்புக் கிடாரம்தான். நூறு பேருக்குச் சோறு வடிக்கலாம்.

"உதை எடுக்கட்டோ?" என்று கேட்டார்.

"எடுங்கோ. நாங்கள் ஆருக்குச் சமைக்கப் போறம்?"

கிடாரத்துக்கு மேலும் கீழும் துளை போட்டுக் குழாய் பொருத்தி, இரும்புச் சட்டம் அடித்துக் காரின் முன்னால் ஏற்றினார். பார்க்கவே விநோதமாக இருந்தது. ஒழுங்கையில் சனம் கூடிச் சிரித்தது. ஸ்ரேசன் மாஸ்ரர் வேலிக்கு மேலால், "பொங்கல் எத்தினை மணிக்கு?" என்றார். ஆனால் கார் ஓடியது. மண்ணெண்ணெயில், புகை கக்கிக்கொண்டு, கொதிக்கிற கிடாரத்தோடு ஓடியது. அடுத்த இரண்டு வருடத்தில் பிள்ளைப்பேற்றுக்கென்றும் பாம்புக் கடிக்கென்றும் எங்கள் ஒழுங்கைச் சனத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது அதுதான். ஸ்ரேசன் மாஸ்ரருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்தபோதும் அதிலேதான் ஏற்றினோம்.

தொண்ணூற்று ஐந்து ஐப்பசியின் கடைசியில் ஆமி வருகிறது, எல்லாரும் தென்மராட்சிக்குப் போங்கள் என்று அறிவித்தார்கள். மழை. கண்டி வீதியால் சனம் இரவெல்லாம் போய்க்கொண்டிருந்த சத்தம் கேட்டது. நாங்கள் விடிந்த பிறகு புறப்பட்டோம். படுக்கையில் கிடந்த ஸ்ரேசன் மாஸ்ரரைப் பின் சீற்றில் கிடத்தினோம். மாமி அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டார். இவர் ஓட்ட, நான் முன்னால் நடந்து வழி கேட்டேன்.

செம்மணி வெளியில் இரண்டு பக்கமும் தண்ணீர். வீதியில் ஊசி விழ இடமில்லை. ஒரு காலை எடுத்து வைத்தால் மற்றக் காலை எடுக்க நேரம் செல்லும். கிடாரம் கொதித்து ஆவி பறக்கும். மழைத் தண்ணீரை வாளியில் அள்ளி ஊற்றுவோம். கைக்குழந்தையோடு நனைந்து நடுங்கி வந்த ஒரு பெண், "ஐயா, கொஞ்சம் சுடுதண்ணி தருவியளோ? பிள்ளைக்குப் பால்மா கரைக்க" என்று கேட்டாள். இவர் பதறிப்போனார். "உது துருப்பிடிச்ச தண்ணி தங்கச்சி. பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ." அவள் அழத் தொடங்கினாள். நான் அந்தத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, குழந்தையின் கையையும் காலையும் துடைத்துச் சூடேற்றிக் கொடுத்தேன். அவள் கூட்டத்தோடு போய்விட்டாள்.

நாவற்குழிப் பாலத்தைத் தாண்டும்போது மத்தியானம் ஆகிவிட்டது. இடையில் நான் இரண்டொரு தரம் யன்னலால் குனிந்து, "மாஸ்ரர் எப்பிடி மாமி?" என்று கேட்டேன். "நித்திரை பிள்ளை" என்றார். சீலைத் தலைப்பால் அவருடைய முகத்தில் தூவானம் படாமல் மூடியிருந்தார். கைதடியில் சனம் கொஞ்சம் குறைந்த பிறகு மாமி முன்னால் குனிந்து இவருடைய தோளைத் தொட்டார்.

"தம்பி, இனி நிப்பாட்டலாம்."

இவர் நிறுத்தினார்.

"அவர் செம்மணியிலேயே போயிட்டார். சொன்னா நீங்கள் நிப்பாட்டுவியள். பின்னாலை வந்த சனம் எங்கை போகும்? அதுதான் சொல்லேல்லை."

இவர் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். நான் கதவைத் திறந்து மாமியின் பக்கத்தில் இருந்தேன். மாஸ்ரரின் கை குளிர்ந்து விறைத்திருந்தது. அவ்வளவு தூரமும் மாமி அதைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார், அழாமல்.

வீதியோரத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து விசாரித்து, தங்கள் ஊர்ச் சுடலை கிட்டத்தான் என்றார். எரிக்கப் பனங்குற்றியும் தேங்காய்ப் பொச்சுமட்டையும் தந்தார். எல்லாம் நனைந்திருந்தன. இவர் காருக்குள் குனிந்து, தான் புதிதாக வெட்டிப் பொருத்திய நிலத்துப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உலர்ந்த விறகு என்று அங்கே இருந்தது அது ஒன்றுதான். பிறகு ஒரு குழாயை விட்டுத் தாங்கியில் மிச்சமிருந்த மண்ணெண்ணெய் முழுவதையும் ஒரு தகரக் கானில் இறக்கினார்.

"அப்ப கார்?" என்றேன்.

"அதை விடும்."

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அன்று நானும் மாமியும் போனோம். தூக்க ஆள் காணாது. நான்தான் கானைக் கொண்டுபோனேன். மாஸ்ரரின் பிள்ளைகள் மூன்று பேரும் வெளிநாட்டில். கொள்ளி வைக்க ஆளில்லாமல் இவர் வைத்தார். பலகை பிடித்து எரிந்தது. மழையும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

காரை அந்த வீட்டு வளவுக்குள் தள்ளி விட்டுவிட்டு, மூன்று பேருமாகக் கொடிகாமத்துக்கு நடந்தோம். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒன்பது குடும்பங்களோடு இருந்தோம். மாமி எங்களோடுதான். அந்தக் காரை நாங்கள் பிறகு காணவில்லை.

மார்கழியில் அதே பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு வியாபாரி கிளாலியால் கடந்து புத்தளம் பக்கம் போகப் புறப்பட்டார். இவர் அவரைத் தேடிப் போய், நானா இருக்கும் முகாமை விளங்கப்படுத்தினார்.

"கண்டா, கார் ஓடினது எண்டு சொல்லுங்கோ. இரண்டு வரியம் ஓடினது. நாவற்குழிப் பாலம் தாண்டினது எண்டும் சொல்லுங்கோ."

"வேறை ஏதும் சொல்லுறதோ அண்ணை?"

இவர் என்னைப் பார்த்தார். நானும் யோசித்தேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. நாங்களும் இப்போது வீட்டை விட்டு வந்துவிட்டோம் என்று சொல்லலாம். அதைச் சொன்னால் அது அவருக்கு ஆறுதல் என்று நாங்கள் நினைப்பது போல இருக்கும்.

"வேறை ஒண்டுமில்லை" என்றார் இவர்.

அந்த மனிதர் சைக்கிளில் பொதியைக் கட்டிக்கொண்டு போனார். நானாவைக் கண்டாரோ, சொன்னாரோ தெரியாது.